வலது கை தெரிந்தவர்களுக்கு

“ஒரே கலர்ல சேலையைச் சுத்திட்டு வந்துட்டா டீச்சராயிருவியாத்தா நீயி?”

கற்பித்தல் பயிற்சிக்காக நான் அந்த நடுநிலைப் பள்ளிக்குள் நுழைந்த முதல் நாள், தலைமை ஆசிரியர் என்னிடம் கேட்ட கேள்வி இது. நாங்கள் ஆறு பேர் போயிருந்தோம். ஆறு பேரும் எங்கள் பயிற்சி நிறுவனத்தின் ஊதா நிறச் சேலையில் அவர் மேசைக்கு முன்னால் வரிசையாக நின்றோம். கேள்வி எனக்கு மட்டும்தான் வந்தது. யார் வீட்டில் என்ன தொழில் என்று அவர் அப்போதுதான் ஒவ்வொருவராகக் கேட்டு முடித்திருந்தார். மற்ற ஐவருக்கும் கடையோ நிலமோ இருந்தது, அல்லது அரசாங்க வேலையில் ஒரு மாமா இருந்தார். என் அம்மா ஓடைப்பட்டிப் பக்கம் திராட்சைத் தோட்டங்களில் கூலி வேலை செய்கிறவர். அதை நான் மெதுவாகச் சொல்லவில்லை. அறைக்கு வெளியே நின்ற பிள்ளைகளுக்கும் கேட்கும்படிதான் சொன்னேன்.

“ஆயிருவேன் சார்” என்றேன்.

பக்கத்தில் நின்றவள் என் முழங்கையைக் கிள்ளினாள். அவர் சிரித்தார். “பாப்பம், பாப்பம். நாப்பது நாள் இருக்குல்ல.”

அது 2004. எங்கள் வீட்டில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும் வரும். அம்மா கைநாட்டு. பன்னிரண்டாம் வகுப்பில் நான் எடுத்த மதிப்பெண்ணை அம்மா தோட்டம் தோட்டமாகச் சொல்லிக்கொண்டு அலைந்தார். பந்தலுக்கு அடியில் நாள் முழுக்கக் கையைத் தூக்கியபடி நின்று வேலை பார்த்துவிட்டு, பூச்சிமருந்து நாற்றத்தோடு வீடு திரும்பும் அம்மாவைப் பார்த்து வளர்ந்த எனக்கு, ஆசிரியர் வேலை என்றால் சுத்தமான வேலை என்ற எண்ணம் ஊறிப்போயிருந்தது. கையில் சாக்பீஸ் தூளைத் தவிர வேறு எதுவும் ஒட்டாது என்று நினைத்திருந்தேன். அந்த நாற்பது நாளில் அந்த எண்ணம் போய்விட்டது. மருந்து நாற்றமாவது சோப்புப் போட்டுக் குளித்தால் போகும்.

முதல் வாரம் நாங்கள் பாடமே நடத்தவில்லை. ஆசிரியர்கள் சாப்பிட்ட டிபன் பாக்ஸ்களைக் கழுவினோம். ஆறாம் வகுப்பு ஆசிரியை ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர். என்னிடம் வகுப்பை ஒப்படைத்த அன்றே ஒரு கட்டு முருங்கைக்கீரையையும் சேர்த்து ஒப்படைத்தார். “நீ வாசிக்கச் சொல்லிட்டு உருவித்தா. பிள்ளைக பாட்டுக்கு வாசிக்கும்.” நான் கீரையைத் தொடவில்லை. மேசையிலேயே கிடந்து மாலைக்குள் வாடிப்போனது. அதற்காக அவர் மூன்று நாள் என்னோடு பேசவில்லை. எனக்கு அது வசதியாகத்தான் இருந்தது.

கீரையைவிட மோசமானவை எங்கள் பதிவேடுகள். பயிற்சி மாணவர் ஒவ்வொருவரும் வகுப்பில் சிரமப்படும் ஒரு பிள்ளையைத் தேர்ந்தெடுத்து, பழகி, வீட்டுக்குப் போய் விசாரித்து, முன்னேற்றத்தைக் கவனித்து, தனியாள் ஆய்வு என்று ஒரு நோட்டு எழுத வேண்டும். எழுதுவதற்கு முன்பே எங்களிடம் அந்த நோட்டு இருந்தது. முந்தைய ஆண்டு மாணவிகள் கொடுத்துவிட்டுப் போனது. அதில் ஒரு சிறுவன் வருவான். அப்பா குடிகாரர், அம்மா கோபக்காரி, சிறுவன் வகுப்பில் தூங்குவான், பயிற்சி ஆசிரியை அன்பாகப் பேசியதும் திருந்திவிடுவான். எங்களுக்கு முந்தைய ஆண்டு மாணவிகள் அதை அவர்களுக்கு முந்தையவர்களிடமிருந்து எடுத்து எழுதியிருந்தார்கள். எந்த ஊரிலும் பிறக்காத அந்தச் சிறுவன் ஆண்டுதோறும் எங்கள் நிறுவனத்தில் திருந்திக்கொண்டே இருந்தான். ஆறு பேரும் ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து அவனை நகலெடுத்தோம். அவன் அப்பாவின் தொழிலை மட்டும் மாற்றினோம். எனக்குத் தச்சர் வந்தது. எழுதுவது பொய் என்று தெரியும். இருந்தாலும் எழுதினேன். தலைப்புக்குச் சிவப்பு மையில் கோடும் போட்டேன்.

நிஜப் பிள்ளை ஒருத்தி கடைசி வரிசையில் இருந்தாள்.

முதல் நாள் வருகைப் பதிவெடுத்தபோது அவள் இல்லை. மறுநாள் வந்தாள். ஒல்லியான, கூர்மையான முகம். விரல் நுனிகளில் தளிர் கிள்ளிய கறை ஏறிப்போயிருந்தது. ஏன் நேற்று வரவில்லை என்று கேட்டேன்.

“தோட்டத்துக்குப் போனேன் டீச்சர். ஒங்கம்மாவும் அங்கன வந்திருந்தாக.”

“எங்கம்மான்னு ஒனக்கு எப்பிடித் தெரியும்?”

“மூக்கு அப்பிடியே இருக்கே. எங்க மகதான் ஒங்களுக்கு டீச்சருன்னு வேற பத்துத் தடவ சொன்னாக. போதும் பெரியம்மா, காதுல விழுந்துருச்சுன்னு சொல்லிட்டேன்.”

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். அதன் பிறகு அவளைக் கவனிக்க ஆரம்பித்தேன். எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள். ஒரு வரியை முடிப்பதற்குள் மற்றவர்கள் பக்கத்தைத் திருப்பிவிடுவார்கள். ஆனால் காதில் விழுந்த எதையும் விடமாட்டாள். முந்தைய நாள் நான் சொன்ன வாக்கியத்தை மறுநாள் என் குரலிலேயே சொல்லிக் காட்டுவாள். வகுப்பாசிரியை அவள் பெயருக்கு எதிரே எல்லாப் பாடத்திலும் ஒரே மதிப்பெண்ணை எழுதி வைத்திருந்தார். விடைத்தாளைப் பார்த்துப் போட்ட மதிப்பெண்ணாக அது தெரியவில்லை.

மூன்றாவது வாரம் அவள் அம்மா பள்ளி வாசலில் எனக்காகக் காத்திருந்தார். தோட்டத்திலிருந்து நேராக வந்திருந்தார். தலையில் சும்மாடு கட்டிய துணிகூட அவிழ்க்கவில்லை.

“டீச்சர், ஒங்கள்ட்ட நெசத்தக் கேட்டுப் போகலாம்னு வந்தேன். இவளுக்குப் படிப்பு ஏறுதா, ஏறலயா? ஏறும்னு நீங்க ஒரு வார்த்த சொன்னா, எப்பாடு பட்டாவது அனுப்புவேன். ஏறாதுன்னா இப்பமே சொல்லிருங்க. தோட்டத்துல கிள்ளுறதுக்குச் சின்னக் கைதான் தோதுன்னு ஆளு கேட்டுக்கிட்டே இருக்காக. அங்கயும் இங்கயுமா இழுபட்டு ரெண்டுமில்லாமப் போகுது கழுத.”

“வகுப்பு டீச்சர்ட்டக் கேட்டீகளாக்கா?”

“அவுகள்ட்ட என்னத்தக் கேக்க? அவுக இவ மூஞ்சியப் பாத்தே சொல்லிருவாக. நீங்க நம்மாளு. பொய் சொல்ல மாட்டீக.”

நான் நிமிர்ந்து நின்றேன். அந்தச் சொல் எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. “பரீட்சை முடியட்டுங்க்கா. நான் பாத்துட்டு ஒங்களுக்கு நல்ல வார்த்தையாச் சொல்றேன்” என்றேன்.

நான் சொன்ன பரீட்சை பிள்ளைகளுடையதல்ல, என்னுடையது. பயிற்சியின் இறுதியில் செய்முறைத் தேர்வு உண்டு. வெளியூரிலிருந்து ஒரு தேர்வாளர் வந்து, எங்கள் வகுப்பின் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, நாங்கள் பாடம் நடத்துவதைப் பார்த்து மதிப்பெண் போடுவார். அந்த மதிப்பெண் குறைந்தால் இரண்டு ஆண்டுப் படிப்பும் கெடும். அதனால் தேர்வுக்கு ஒரு வாரம் முன்பிருந்தே எங்கள் நிறுவனத்தின் விரிவுரையாளர் பள்ளிக்கு வந்து எங்களைத் தயார் செய்தார். எங்களைத் தயார் செய்வது என்றால் பிள்ளைகளைத் தயார் செய்வது.

முறை இதுதான். கேள்வி கேட்டவுடன் வகுப்பில் எல்லோரும் கை தூக்க வேண்டும். ஒருவர்கூட விடக் கூடாது. விடை தெரிந்தவர்கள் வலது கையைத் தூக்க வேண்டும். தெரியாதவர்கள் இடது கையை. நான் வலது கை தூக்கியவர்களை மட்டும் எழுப்பிக் கேட்பேன். பின்னாலிருந்து பார்க்கிற தேர்வாளருக்கு வகுப்பே ஆர்வத்தில் துள்ளுவது போலிருக்கும்.

“இது இன்னைக்கு நேத்து வந்ததில்லம்மா” என்றார் விரிவுரையாளர். “நான் பயிற்சி எடுக்கும்போதும் இதேதான். எங்க சாருக்கும் இதேதான்.” பெருமையாகத்தான் சொன்னார்.

முதல் நாள் ஒத்திகையில் பிள்ளைகளுக்கு அது விளையாட்டாக இருந்தது. யார் எந்தக் கை என்று நான்தான் பிரித்தேன். பெயர்களைப் படித்து, இவள் வலது, இவன் இடது என்று சொல்லிக்கொண்டே போனேன். கடைசி வரிசை முழுவதும் இடது. அவளும் இடது.

“நான் எப்பவுமே இடதா டீச்சர்?” என்று கேட்டாள்.

“பரீட்சை முடியிற வரைக்கும்.”

“தெரிஞ்சாலும் இடதா?”

“சொன்னதச் செய்யி.”

அந்தப் பதிலை நான் சொன்ன தொனி இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. வகுப்பாசிரியை கீரைக்கட்டை நீட்டிய அதே தொனி.

தேர்வுக்கு முந்தைய நாள் தலைமை ஆசிரியர் ஒரு திருத்தம் சொன்னார். கடைசி வரிசையை வகுப்பிலேயே வைக்க வேண்டாம், கழிப்பறை கழுவ அனுப்பிவிடலாம், தேர்வாளர் வரும்போது அதுவும் சுத்தமாக இருக்கும் என்றார். அந்த வரிசையில் இருந்தவர்கள் பெரும்பாலும் ஒரே தெருப் பிள்ளைகள். கழிப்பறை கழுவுவதற்கு எப்போதும் அவர்களைத்தான் கூப்பிடுவார்கள். அந்தப் பள்ளியில் யாருக்கும் அது கேள்வியாகவே தோன்றவில்லை. கழிப்பறையின் நாற்றம் எங்கள் ஓய்வறை வரை வரும். ஆசிரியர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டே டீ குடிப்பார்கள். “ரெண்டு நாளாக் கழுவ விடல போல” என்பார்கள்.

நான் அவளுக்காகப் பேசினேன். “அந்தப் பிள்ளை வகுப்புல இருக்கட்டும் சார். நல்லா நடந்துக்கும்.”

“யாரு, அந்த வாயாடியா? இருக்கட்டும். ஆனா வாயத் தொறக்கப்படாது. தொறந்தா ஒன் மார்க்குதான் போகும், என் மார்க்கு இல்ல.”

மறுநாள் மற்ற நான்கு பிள்ளைகளும் வாளியும் விளக்குமாறுமாகப் போனார்கள். அவர்களுக்காக நான் பேசவில்லை. ஒருத்தியை மீட்டுவிட்டேன் என்ற பெருமிதமே எனக்குப் போதுமானதாக இருந்தது.

தேர்வு நாளில் பள்ளி முழுவதும் கோழிக்குழம்பு வாசனை. தேர்வாளருக்கும் விரிவுரையாளருக்கும் விருந்து சமைப்பது எங்கள் பொறுப்பு. காலையிலிருந்தே இரண்டு தோழிகள் பாடக்குறிப்பைப் பார்ப்பதற்குப் பதிலாக வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டே நோக்கங்களை மனப்பாடம் செய்தார்கள்.

என் பாடம் அறிவியல். ஏறு கொடிகள். பற்றுக்கம்பி என்ற உறுப்பால் கொடி எப்படிப் பிடித்து ஏறுகிறது என்று விளக்க வேண்டும். தேனி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இப்படிப்பட்ட படங்களை வரைந்தே விற்கும் கடை உண்டு. அங்கே பாகற்கொடி வரைந்த அட்டையை வாங்கியிருந்தேன். பாடப்புத்தகத்தில் பாகல்தான் இருந்தது. மூன்று பிள்ளைகளுக்கு மூன்று விடை கொடுத்திருந்தேன். ஒருத்திக்குப் பாகல், ஒருவனுக்குப் புடலை, இன்னொருத்திக்குப் பீர்க்கு.

தேர்வாளர் அமைதியான மனிதர். பின்னால் உட்கார்ந்து காலைக்கூட ஆட்டவில்லை. நான் அட்டையை மாட்டினேன். கொடி சுருண்டு கம்பைப் பிடிக்கும் இடத்தைக் குச்சியால் காட்டினேன். என் குரல் நன்றாக எழும்பியது. கேள்வியைக் கேட்டேன். “பற்றுக்கம்பியால் ஏறும் கொடி ஒன்றைச் சொல்லுங்கள்.” அத்தனை கைகளும் எழுந்தன. பாகல் என்றாள். புடலை என்றான். பீர்க்கு என்றாள். எல்லாம் சொல்லி வைத்தபடி நடந்தது.

“வேற?” என்றார் தேர்வாளர் பின்னாலிருந்து.

என்னிடம் வேறு இல்லை. கைகள் மட்டும் அப்படியே நின்றன. வலது கை தூக்கியிருந்த முதல் வரிசைப் பையனைக் காட்டினேன். அவன் எழுந்து “பாகல்” என்றான். இரண்டு பேர் சிரித்தார்கள். அப்போதுதான் கடைசி வரிசையில் ஒரு வலது கையைப் பார்த்தேன். கறை ஏறிய விரல்கள். மற்றவர்களைப் போல அரைகுறையாக மடக்கிய கை அல்ல. முழங்கை காதில் ஒட்டும் அளவுக்கு நீட்டியிருந்தாள். பதற்றத்தில் கையை மாற்றித் தூக்கிவிட்டாள் என்று நினைத்தேன். பார்வையை வேறு பக்கம் திருப்பினேன்.

“அந்தக் கடைசிப் பிள்ளை ரொம்ப நேரமாத் தூக்கிட்டே இருக்கே. கேளுங்க டீச்சர்” என்றார் தேர்வாளர்.

எழுப்பியிருக்கலாம். கேட்க ஒரு நொடிதான் ஆகும். ஆனால் அந்த நொடியில் எனக்கு என் மதிப்பெண் தெரிந்தது, தலைமை ஆசிரியரின் சிரிப்பு தெரிந்தது. அவள் திருதிருவென்று விழித்தால் கையின் ரகசியமும் வெளியே வரும் என்று பயந்தேன்.

“சார், அந்தப் பிள்ளை சும்மா தூக்கும் சார். அதுக்குத் தெரியாது.”

கை இறங்கியது. அவள் அழவில்லை, முகத்தைச் சுளிக்கவில்லை. மேசையில் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தாள். நான் கரும்பலகைக்குத் திரும்பி, பாடச் சுருக்கத்தை அழகான எழுத்தில் எழுதினேன். எழுத்து கொஞ்சம்கூடச் சாயவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் விரிவுரையாளர் கோழித் துண்டைக் கையில் வைத்துக்கொண்டே என்னைக் கூப்பிட்டார். “ஒனக்குத்தாம்மா இந்தப் பள்ளியில அதிக மார்க்கு. தேர்வாளர் ஒரு வரி எழுதியிருக்காரு பாரு, மாணவர்களைத் தனித்தனியாக நன்கு அறிந்து வைத்திருக்கிறார்னு. அந்தப் பிள்ளைக்குத் தெரியாதுன்னு பட்டுனு சொன்னேல்ல, அது அவருக்குப் புடிச்சிருச்சு.”

தலைமை ஆசிரியரும் பக்கத்தில் இருந்தார். “நான் அன்னைக்குச் சும்மா வெளையாட்டுக்குக் கேட்டேன்த்தா” என்றார். “நீ டீச்சர்தான். சந்தேகமே இல்ல.”

நான் எதற்காகக் காத்திருந்தேனோ அந்தச் சொல் அது. வாயில் போட்ட சோற்றோடு எழுந்து போய்க் கொல்லைப் பக்கம் துப்பினேன். குழம்பில் உப்பு அதிகம் என்று தோழியிடம் சொல்லி அவளை அழ வைத்தேன். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அன்று மாலை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வீடு திரும்பினேன். பாதையின் இரண்டு பக்கமும் திராட்சைப் பந்தல்கள். பிறந்ததிலிருந்து பார்க்கிறவை. பஸ் ஒரு நிறுத்தத்தில் நின்றபோது, பந்தலின் ஓரக் கம்பியில் சுருண்டு பிடித்திருந்த பச்சைச் சுருள் ஒன்று கை நீட்டும் தூரத்தில் இருந்தது. கொடியின் சத்தை இது தின்னும் என்று அம்மா கிள்ளி எறிவது இதைத்தான். விடுமுறை நாட்களில் நானே கூடைக்கணக்கில் கிள்ளியிருக்கிறேன். பாடப்புத்தகத்தின் பற்றுக்கம்பி இதுதான். அந்த வகுப்பில் என்னைத் தவிர இதைக் கிள்ளத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அவள் கையைத் தூக்கியது திராட்சை என்று சொல்ல. தேர்வாளர் கேட்ட நாலாவது விடை அவளிடம் இருந்தது. திராட்சைத் தோட்டத்துக் காசில் படித்த நான், கடையில் வரைந்த பாகற்கொடியை மாட்டிவிட்டு, அவளுக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கிறேன்.

பயிற்சியின் கடைசி இரண்டு நாளும் அவள் வரவில்லை. நாங்கள் மிட்டாய் கொடுத்துப் போட்டோ எடுத்துக்கொண்டோம். மூன்றாம் நாள் நான் அவள் அம்மா வேலை செய்யும் தோட்டத்துக்குப் போனேன். பந்தலுக்கு அடியில் இருவரும் நின்றிருந்தார்கள். அவள் என்னைப் பார்த்துவிட்டு அடுத்த வரிசைக்கு நகர்ந்துவிட்டாள். அவள் அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

“வாங்க டீச்சர். நீங்களாச் சொல்ல வருவீகன்னு நெனச்சேன். அதுக்குள்ள இவ சொல்லிட்டா. பெரிய சாருக முன்னாடி இவளுக்குத் தெரியாதுன்னு சொல்லிட்டீகளாமே.”

“இல்லக்கா, அது அவசரத்துல...”

“அவசரத்துல என்ன டீச்சர்? கேட்டாக, உள்ளதச் சொன்னீக. நீங்க பொய்யா சொல்லப்போறீக? நாந்தான் ஒங்கள்ட்ட நெசத்தக் கேட்டேன். மனசுல ஒண்ணும் வச்சுக்காதீக.”

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். பொய்தான் சொன்னேன் அக்கா, வகுப்பே பொய், வலது கை இடது கை என்று பிள்ளைகளுக்குப் பொய் சொல்லிக் கொடுத்தேன் என்று. சொன்னால் அந்தத் தோட்டம் முழுக்கத் தெரியும். அடுத்த தோட்டத்தில் நிற்கும் என் அம்மாவுக்குத் தெரியும். வாயைத் திறந்தேன். “அவளை அனுப்புங்கக்கா” என்று மட்டும் வந்தது. அவர் சிரித்துக்கொண்டே ஒரு குலை பறித்து என் கையில் கொடுத்து அனுப்பினார். அதை ரோட்டோரத்தில் ஒரு ஆட்டுக்குப் போட்டேன்.

இரண்டு ஆண்டுகளாக இதை யாரிடமும் சொல்லவில்லை. சின்னமனூரில் ஒரு தனியார் பள்ளியில் மூன்றாம் வகுப்பு ஆசிரியையாகச் சேர்ந்தேன். அம்மா எனக்கு வாட்ச் வாங்கிக் கொடுத்தார். பத்துப் பன்னிரண்டு நாளைக்கு முன் பள்ளிக்கு ஆய்வு வரப்போவதாகத் தலைமை ஆசிரியை சொன்னார். அன்று வகுப்புக்குள் போய்ச் சாதாரணமாக ஒரு கேள்வி கேட்டேன். முப்பது பிள்ளைகளும் கை தூக்கினார்கள். பாதிப் பேர் இடது. போன ஆண்டே யாரோ பழக்கிவிட்டிருக்கிறார்கள். எட்டு வயதுப் பிள்ளைகள், எனக்குத் தெரியாது என்பதை எவ்வளவு ஒழுங்காக, எவ்வளவு உற்சாகமாக மறைக்கிறார்கள். தேர்வு நாளில் துப்பிய சோற்றின் ருசி எனக்கு வாயில் வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். இப்போது அவளுக்குப் பதின்மூன்று வயது. உயரமாகிவிட்டாள். அவள் அம்மாவையும் அவளையும் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். கைகள் விஷயத்தையும், திராட்சை விஷயத்தையும், பந்தலுக்கு அடியில் வாய் திறக்காததையும். அவள் கை மாற்றித் தூக்கிவிட்டதாக நான் நினைத்ததையும் சொன்னேன்.

“மாத்தித் தூக்கல” என்றாள். “எனக்கு இடதுன்னு சொன்னீக. எனக்குத் தெரிஞ்சிருச்சு, அதான் வலதத் தூக்குனேன். பெறகு எதுக்கு அந்த ஏற்பாடு?”

அம்மா என்னை ஒரு வார்த்தையும் திட்டவில்லை. மகளைத்தான் கேட்டார். “இம்புட்டையும் நீ ஏண்டி எங்கிட்டச் சொல்லல?”

“சொன்னா நீ யார நம்பியிருப்ப?”

அம்மா என் பக்கம் திரும்பி, “இப்ப என்ன செய்யச் சொல்றீக?” என்றார். எட்டாம் வகுப்பைத் தனித்தேர்வாக எழுதலாம், இதுவரை படித்ததற்குப் பழைய பள்ளியில் பதிவுத்தாள் வாங்கினால் போதும், நான் சொல்லித் தருகிறேன் என்றேன். போன வாரம்கூட ஒரு நாள் விடாமல் தோட்டத்துக்குப் போனவள் எப்படிப் படிப்பாள் என்று அவர் கேட்டார். பதிவுத்தாளை மட்டும் முதலில் வாங்குகிறேன் என்று எழுந்தேன்.

செவ்வாய்க்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போனேன். அதே தலைமை ஆசிரியர். அதே மேசை. அவள் பெயரைச் சொன்னதும் அவர் கை பதிவேட்டை மூடப் போனது. அதற்குள் நான் பார்த்துவிட்டேன். எட்டாம் வகுப்பு வருகைப் பதிவேட்டில் அவள் பெயர் இருந்தது. ஒரு நாள் விடாமல் வந்ததாகக் குறி போட்டிருந்தது.

“போன வெள்ளிக்கிழமைகூட வந்திருக்கா போல சார்” என்றேன். “எங்க ஊர்த் தோட்டத்துலயும் அன்னைக்கு நின்னாளாம். கெட்டிக்காரிதான்.”

“பிள்ளைக எண்ணிக்க கொறஞ்சா ஒரு போஸ்ட்டு போயிரும்த்தா. ஒனக்குத் தெரியாததா? எல்லாப் பள்ளிக்கூடத்துலயும் உள்ளதுதான்.”

எனக்குள் அப்போது எழுந்தது கோபம் இல்லை. அழுகிய பழத்தைக் கையால் நசுக்கிவிட்டது போன்ற உணர்வு. ஆனால் அந்தப் பதிவேட்டின்படி அவள் ஆறும் ஏழும் முடித்து எட்டில் இருக்கிறாள். அவர் கையெழுத்திலேயே.

“அப்பன்னா பதிவுத்தாள் வேண்டாம் சார்” என்றேன். “திங்கக்கெழமையிலேருந்து நெசமாவே வரட்டும். ரெண்டு வருசமா வர்ற பிள்ளைய நீங்க வேண்டாம்னு சொல்ல முடியாதுல்ல.”

அவர் பதிவேட்டை மூடி ஓரமாகத் தள்ளிவைத்தார். “ரொம்பத்தான் படிச்சுட்டத்தா நீ” என்றார். “சரி, வரச் சொல்லு.”

அவள் அம்மா சம்மதித்தார். தோட்டத்தில் அவள் வேலைக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன் என்றார். அவள்தான் ஒரு நிபந்தனை போட்டாள். “ஞாயித்துக்கெழம வந்து சொல்லிக் குடுங்க. ஆனா பள்ளிக்கூடத்துக்கு என்கூட வரக்கூடாது. எனக்கு என்ன தெரியும், என்ன தெரியாதுன்னு அங்கன நானே சொல்லிக்கிறேன்.”

சரி என்றேன். நேற்று, திங்கட்கிழமை, அவள் போனாள். போனாள் என்று அவள் அம்மா பக்கத்துக் கடைப் போனிலிருந்து சொன்னார். அதற்கு முன்பே, காலை மணி அடிப்பதற்குள், நான் எங்கள் தலைமை ஆசிரியையின் மேசையில் ஒரு கடிதத்தை வைத்துவிட்டேன். ஆய்வு நாளில் என் வகுப்பில் ஒத்திகை இருக்காது, தெரியாத பிள்ளை தெரியாது என்று சொல்லும், அதை எழுப்பி நான் சொல்லிக் கொடுப்பேன், இது பள்ளிக்குச் சரிப்படாது என்றால் இந்தக் கடிதத்தையே என் விலகல் கடிதமாக எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஆய்வு வியாழக்கிழமை.